உங்க போன்ல இருக்கிற அந்த நம்பர்களுக்குக் கூப்பிடுங்க: சின்ன ரக நாய் ப்ரீடர்களுக்கு ஒரு திறந்த மடல்

மின்பின், பொமேரியன், டாய் பூடில், யார்க்கி, சிவாவான்னு கைக்கடக்கமான நாய்ங்கள வச்சு குட்டி எடுத்து விக்கிற தமிழ்நாட்டு ப்ரீடர் அண்ணன்கள், அக்காக்கள் எல்லாருக்கும் வணக்கம்.

நான் ஸ்ரீரங்கத்துல இருந்து எழுதுறேன். வீட்ல நான், வீட்டுக்காரர், மாமியார், எட்டாவது படிக்கிற பொண்ணு, அப்பறம் மிளகு. மிளகு ஒரு ஆண் மின்பின், கறுப்பும் செம்பழுப்பும், இப்ப ஒன்றரை வயசு ஆகுது, எடை மூணே முக்கால் கிலோ. அவனோட வலது பின்னங்கால் தொடை எலும்புக்கு மேல இருக்க வேண்டிய பந்து இப்ப கெடையாது, எட்டரை மாசத்துல ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டாங்க, ஏன்னா அந்த பந்து உள்ளுக்குள்ள செத்துப் போயி நொறுங்கிப் போச்சு. அடிபடல, வண்டி ஏத்தல, யாரும் கீழ போடல. தானா செத்துச்சு. இத நம்பறதுக்கே எங்களுக்கு ரெண்டு டாக்டரும் மூணு எக்ஸ்ரேவும் தேவைப்பட்டுச்சு, அதனால உங்கள்ல சில பேரு இத கேட்டதே இல்லன்னு சொன்னா நான் நம்புவேன், கோவப்பட மாட்டேன். ஆனா கேட்டதுக்கு அப்பறம் என்ன செய்யறீங்கன்னு ஒண்ணு இருக்குல்ல, அதப் பத்திதான் இந்த மடல்.

மொதல்ல நடந்தத சொல்லிடறேன்.

ஆறு மாசம் முடிஞ்ச சமயத்துல காலைல எந்திரிச்சு வர்றப்ப வலது பின்னங்கால கொஞ்சம் தூக்கித் தூக்கி வச்சான். நாலு அடி நடந்தா சரியாயிடும். கட்டில்ல இருந்து குதிச்சிருப்பான்னு நெனச்சோம், யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனைப்பாங்க, சின்ன நாய் குதிக்கும் ஓடும் சுளுக்கும். பத்து நாள் கழிச்சு நாலு அடி நாப்பது அடி ஆச்சு. பக்கத்துல இருந்த கிளினிக்ல காட்டுனோம், முட்டிச் சில்லு நழுவுற மாதிரி இருக்கு, சின்ன ரகத்துல இது சகஜம்னு ஊசி போட்டு மாத்திரை குடுத்தாங்க. அது தப்பும் இல்ல, சின்ன நாய்ங்களுக்கு முட்டிச் சில்லு நழுவறது நெஜமாவே ரொம்ப சகஜம், ஒரே கால்ல ரெண்டு பிரச்சனையும் சேந்தும் இருக்கலாம்னு பின்னாடி தெரிஞ்சுச்சு. ஊசி போட்ட அன்னைக்கு நல்லா ஓடுனான், மாத்திரை தீந்ததும் பழைய கத.

அந்த சமயத்துல உங்கள்ல ஒருத்தருக்கு, அதாவது நாங்க மிளக வாங்குனவருக்கு போன் பண்ணேன். பேரு ஊரு எதுவும் இங்க எழுதப்போறதில்ல. அவரு கால்சியம் டானிக் குடுங்க, நல்லெண்ணெய் தேச்சு காலை நீட்டி நீவி விடுங்கன்னாரு. ஒரு மாசம் நாங்களும் நம்பிக்கையா செஞ்சோம். இப்ப நெனச்சா நெஞ்சு பதறுது, ஏன்னா இந்த நோய்ல அந்தக் கால பின்னாடி இழுத்து நீட்டறதுதான் இருக்கறதுலயே அதிக வலி குடுக்கிற அசைவு. டாக்டருங்க இந்த நோயா இருக்குமோன்னு பாக்கறதே கால பின்னாடி நீட்டியும் பக்கவாட்டுல விரிச்சும் பாத்துதான். நாங்க தெனம் ரெண்டு வேள உக்காந்து அத அவனுக்கு செஞ்சிருக்கோம். எங்க மாமியார் தூக்கப் போனப்ப ஒருநாள் வெடுக்குன்னு கடிச்சிட்டான், அதுவரைக்கும் யாரையும் கடிச்சதே இல்ல, திட்டி மூலைல உக்கார வச்சோம். சாப்பாடு கொறஞ்சுது. இடுப்புப் பக்கமே திரும்பித் திரும்பி நக்கிக்கிட்டும் கடிச்சுக்கிட்டும் இருந்தான், உண்ணியோன்னு பவுடர் போட்டோம்.

உண்மை தெரிஞ்சது குளிப்பாட்டறப்ப. முடி நனைஞ்சு உடம்போட ஒட்டுனதும் பாத்தேன், இடது தொடை உருண்டையா இருக்கு, வலது தொடை கோழி எலும்பு மாதிரி ஒட்டிப் போயிருக்கு. ரெண்டு கையாலயும் ரெண்டு தொடையையும் ஒரே நேரத்துல பிடிச்சுப் பாத்தேன், வலது பாதி கூட இல்ல. சோப்ப கழுவுனேனா இல்லையான்னு கூட ஞாபகம் இல்ல, அன்னைக்கே வேற டாக்டர்.

அவங்க மயக்க மருந்து கொஞ்சமா குடுத்து மல்லாக்கப் படுக்க வச்சு, ரெண்டு காலையும் நீட்டி ஒரு எக்ஸ்ரே, தவளை மாதிரி மடக்கி ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணுன்னு எடுத்தாங்க. இடது பக்கம் பந்து உருண்டையா கிண்ணத்துக்குள்ள கச்சிதமா உக்காந்திருக்கு. வலது பக்கம் பந்து தட்டையாகி, ஓரத்துல எலி கொறிச்ச மாதிரி, நடுவுல கறுப்புக் கறுப்பா ஓட்டை ஓட்டையா. டாக்டர் அத வெளிச்சத்துல வச்சுட்டு கொஞ்ச நேரம் பேசல. அப்பறம் சொன்னாங்க, இதுக்கு லெக் கால்வே பெர்த்தஸ்னு பேரு, ரத்தம் போகாம எலும்பு செத்துப் போறது, சின்ன ரகத்துக் குட்டிங்களுக்கு வர்றது.

இந்தப் பேரு மூணு மனுஷ டாக்டருங்க பேரு. 1910ல அமெரிக்காவுல பாஸ்டன்ல ஆர்தர் லெக், பிரான்ஸ்ல ஜாக் கால்வே, ஜெர்மனில ஜார்ஜ் பெர்த்தஸ், மூணு பேரும் தனித்தனியா சின்னப் பசங்க இடுப்புல இத பாத்து எழுதியிருக்காங்க. அதுக்கு முன்னாடி நொண்டுற கொழந்தைகள எல்லாம் எலும்புல டிபின்னு சொல்லி வச்சிருந்தாங்க. 1895ல ராண்ட்ஜன் எக்ஸ்ரே கண்டுபிடிச்சதுக்கு அப்பறம்தான் உள்ள என்ன நடக்குதுன்னு பாக்க முடிஞ்சு, ஓ இது வேற நோய்னு பிரிச்சாங்க. நாய் விஷயத்துல நாம இன்னும் எக்ஸ்ரேக்கு முன்னாடி காலத்துல நிக்கிறோம்னு எனக்குத் தோணுது, சுளுக்கு, கால்சியம், கீழ போட்டுட்டீங்க, இந்த மூணுக்குள்ளயே சுத்தறோம். கொழந்தைகள்ல பையன்களுக்கு பொண்ணுங்கள விட நாலு மடங்கு போல அதிகமா வருதாம், நாய்ல ஆண் பெண் வித்தியாசம் இல்ல. சின்ன வயசுல வந்த கொழந்தைக்கு எலும்பு திரும்ப வளந்து உருண்டையாகறதுக்கு வருஷக்கணக்குல நேரம் இருக்கு. சின்ன நாய் பத்து மாசம் ஒரு வருஷத்துல வளந்து முடிச்சிடுது, நாம கண்டுபிடிக்கறதுக்குள்ள பந்து நொறுங்கிடுது.

உள்ள என்ன ஆகுதுன்னு டாக்டர் எனக்கு ஒரு பேப்பர்ல படம் போட்டுச் சொன்னாங்க, எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். தொடை எலும்போட தலை ஒரு பந்து, இடுப்பெலும்புல இருக்கிறது கிண்ணம். வளர்ற குட்டிக்கு பந்துக்கும் அதுக்குக் கீழ இருக்கிற கழுத்துக்கும் நடுவுல ஒரு குருத்தெலும்புத் தட்டு இருக்கு, எலும்பு நீளமா வளர்றது அங்கதான். அந்தத் தட்டு இருக்கிற வரைக்கும் கீழ இருந்து ரத்தக்குழாய் அதத் தாண்டி பந்துக்குள்ள போக முடியாது. அதனால பந்துக்கு வர்ற ரத்தம் எல்லாம் மூட்ட சுத்தி இருக்கிற சவ்வ ஒட்டி மேல ஓடுற மெல்லிசான குழாய்ங்கள நம்பித்தான் இருக்கு. மூட்டுக்குள்ள அழுத்தம் ஏறியோ வேற ஏதாலயோ அந்தக் குழாய்ங்க அமுங்குனா பந்துக்கு வேற வழி கெடையாது. எலும்பு செத்துடுது. மேல இருக்கிற குருத்தெலும்பு மூட்டுத் தண்ணியில இருந்தே சாப்பாடு எடுத்துக்கறதால அது மட்டும் உயிரோட தடிச்சுக்கிட்டே போகுது.

செத்த எலும்பு ஒடனே ஒடஞ்சிடாது, இது எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. கொஞ்ச நாள் தாங்கும். அப்பறம் ஒடம்பு அத சரி பண்றேன்னு புது ரத்தக்குழாய அனுப்பி, செத்ததக் கரைச்சு எடுத்துட்டு புது எலும்பு கட்ட ஆரம்பிக்கும் பாருங்க, அப்பதான் ஆபத்து. பழைய வீட்டுல மேல ஆளுங்க குடியிருக்கறப்பவே பழைய தூண எடுத்துட்டு புதுத் தூண் வைக்கறதுக்குள்ள தளம் உக்காந்துடற மாதிரி. நாய் அது மேல நின்னு ஓடிக் குதிச்சுக்கிட்டே இருக்குல்ல, பந்து நசுங்கி, விரிசல் விட்டு, தட்டையாயிடுது. அதுக்கப்பறம் கிண்ணமும் தேய ஆரம்பிக்குது. இதெல்லாம் நாலு மாசத்துல இருந்து ஒரு வயசுக்குள்ள நடக்கறது, அதிகமா அஞ்சு ஆறு ஏழு எட்டு மாசத்துல. பெரும்பாலும் ஒரு கால்தான், நூத்துல பத்துப் பதினஞ்சு நாய்க்கு ரெண்டு காலும்.

கால்சியம் கொறஞ்சு வர்ற நோய் இல்ல இது. டானிக் குடுத்தா திரும்பாது. எண்ணெய் தேச்சாலும் திரும்பாது.

ஆபரேஷன்னு சொன்னதும் நான் பயந்தது வேற எதுக்கும் இல்ல, மூணு கிலோ உசுருக்கு மயக்க மருந்தா, பந்தையே எடுத்துட்டா கால் எதுல நிக்கும்னுதான். பந்தையும் கழுத்தையும் வெட்டி எடுத்துட்டு உள்ள கம்பி, பிளேட் எதுவும் வைக்கறதில்ல. சுத்தி இருக்கிற சதை பிடிச்சுக்கும், நடுவுல தழும்புத் திசு வளந்து அதுவே ஒரு பொய் மூட்டு மாதிரி ஆயிடும். எடை கம்மியா இருக்கிற நாய்க்கு இது நல்லாவே வேல செய்யுது. செயற்கை மூட்டு வைக்கறதும் இருக்கு, சின்ன நாய்க்கான சைஸ் கூட வந்திருக்கு, எல்லா ஊர்லயும் கெடைக்காது, செலவும் அதிகம். ஆபரேஷன் பண்ணாம ஓய்வும் வலி மருந்தும் மட்டும் வச்சு ஓட்டலாமான்னு கேட்டேன், பந்து நசுங்குனதுக்கு அப்பறம் அது ரொம்ப அபூர்வமாத்தான் கை குடுக்கும், வலியோடவே வளரும்னாங்க.

ஆபரேஷன் ஒரு மணி நேரத்துல முடிஞ்சுது, அதுக்கப்பறம் இருக்கிறதுதான் வேல. வெட்டுன டாக்டர் பாதி, வீட்ல இருக்கிறவங்க பாதின்னு சொல்லித்தான் அனுப்புனாங்க. மொத மூணு நாள் துணில சுத்தி ஐஸ். அப்பறம் படுக்க வச்சு கால மெதுவா சைக்கிள் ஓட்டுற மாதிரி மடக்கி நீட்டறது, வேளைக்குப் பத்து தரம், ஒரு நாளைக்கு மூணு வேள, வலி மாத்திரை குடுத்து ஒரு மணி நேரம் கழிச்சு. பயந்துக்கிட்டு நடக்க விடாம வச்சிருந்தா அந்தப் பொய் மூட்டு இறுகிப் போயி கால் மடங்காமயே நின்னுடும், அதனால மெதுவா மெதுவா நடக்க வச்சே ஆகணும். பன்னெண்டாவது நாள் நுனி விரல் மட்டும் தரைல பட்டுச்சு. என் பொண்ணு அத போன்ல வீடியோ எடுத்து ஸ்கூல் முழுக்க காட்டுனா. தையல் ஆறுனதுக்கு அப்பறம் சாயந்தரம் கொள்ளிடத்து மணல்ல வார் போட்டு மெதுவா நடை, மணல்ல கால் புதையறதால ஒவ்வொரு அடிக்கும் தூக்கி வைக்க வேண்டி வரும். அப்பறம் எங்க வீட்டுப் படிக்கட்டு, ஒரு ஒரு படியா. உக்காந்து எந்திரிக்க வச்சு ஒரு துண்டு முட்ட. மூணு மாசத்துல ஓடுனான். கால் ஒரு சுண்டு விரக்கட அளவு கட்டை, உத்துப் பாத்தாத்தான் தெரியும். தொடை சதை முழுசா திரும்பல, திரும்பிக்கிட்டு இருக்கு.

அவன் இப்ப நல்லா இருக்கான். என் சொந்தக் கதை இங்கயே முடிஞ்சிருந்தா நான் இந்த மடலே எழுதியிருக்க மாட்டேன்.

ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு வாரத்துல மறுபடி அந்த ப்ரீடருக்கு போன் பண்ணேன். சத்தியமா சண்டைக்கு இல்ல, காசு கேக்கவும் இல்ல. டாக்டர் சொன்னாங்க, இது பரம்பரையா வர வாய்ப்பு இருக்கிற நோய், கூடப் பொறந்த குட்டிங்க வீட்டுக்கெல்லாம் தகவல் சொல்லச் சொல்லுங்க, அந்த ஜோடிய மறுபடி சேக்க வேணாம்னு சொல்லுங்கன்னு. அத அப்படியே சொன்னேன். எக்ஸ்ரே போட்டோவும் அனுப்புனேன். அவரு, எங்க லைன்ல, அதாவது எங்க நாய்ங்க பரம்பரைல, இதுவரைக்கும் அப்படி ஒண்ணும் வந்ததில்ல, நீங்க எங்கயோ போட்டுட்டீங்க, அப்பா நாய் ஷோல பரிசு வாங்குன நாய்னாரு. வச்சுட்டாரு.

ரெண்டு மாசம் கழிச்சு என் பொண்ணு இன்ஸ்டால அவரோட பழைய போஸ்ட் ஒண்ணுல கமெண்ட் பாத்து, தஞ்சாவூர்ல ஒரு குடும்பத்துகிட்ட இருக்கிற சீனிங்கற பெண் குட்டி மிளகோட கூடப் பொறந்ததுன்னு கண்டுபிடிச்சா. நம்பர் வாங்கிப் பேசுனேன். நான் நொண்டுதான்னு கேக்கவே இல்ல, அந்தம்மாவே ஆரம்பிச்சாங்க, உங்களுது நல்லா நடக்குதாங்க, எங்க சீனி மூணு மாசமா பின்னங்கால் ரெண்டையும் முயல் மாதிரி சேத்து வச்சு தத்துது, கால்சியம் குடுத்துக்கிட்டு இருக்கோம், எண்ணெய் தேச்சு நீவி விடறோம்னு.

ரெண்டு காலும். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன், எடுத்தாங்க, ரெண்டு பந்தும் போச்சு.

அண்ணே, அக்கா, கணக்கு போட்டுப் பாருங்க. நான் அந்த போன் பண்ணுன அன்னைக்கே அவரு தஞ்சாவூருக்கு ஒரு போன் பண்ணியிருந்தா சீனி ரெண்டு மாசம் முன்னாடியே டேபிள் மேல ஏறியிருக்கும். ரெண்டு நிமிஷ போன். அவருக்கு ஒரு ரூபா நஷ்டம் இல்ல. அந்த ரெண்டு மாசம் சீனி தெனம் கால நீட்டி நீவிவிடப்பட்டிருக்கு, எங்க மிளகு மாதிரியே.

நான் உங்ககிட்ட பேசறதுக்குக் காரணமே இதுதான். டாக்டர்கிட்ட வர்றது ஒரு குட்டி. வீட்ல இருக்கிறது ஒரு குட்டி. மொத்தக் குடும்பத்தையும், யாரு அம்மா, யாரு அப்பா, கூட எத்தன பேரு பொறந்தாங்க, எந்த ஊருக்குப் போனாங்க, போன தடவ ஈத்துல என்ன ஆச்சுன்னு தெரிஞ்ச ஒரே ஆளு நீங்கதான். ஒரே ஈத்துல மூணு குட்டி மூணு ஊர்ல மூணு டாக்டர்கிட்ட சுளுக்குன்னு பேரு வாங்குனா அத ஒண்ணா சேத்துப் பாக்க இந்த உலகத்துல வேற யாரும் கெடையாது.

எங்க லைன்ல வந்ததில்லன்னு நீங்க சொல்றது பொய்னு நான் சொல்லல. அப்பா அம்மா ரெண்டும் பாக்க நல்லா இருக்கும், ஓடும், ஷோல ஜெயிக்கும், வாழ்நாள் முழுக்க ஒரு தடவ கூட நொண்டாது. டாய் பூடில், யார்க்‌ஷயர் டெரியர், வெஸ்ட் ஹைலண்ட் ஒயிட் டெரியர் மாதிரி ரகங்கள்ல இது ஒளிஞ்சு வர்ற குணம்னு சந்தேகப்படறாங்க, அதாவது கெட்ட ஜீன் அப்பாகிட்ட இருந்து ஒண்ணு அம்மாகிட்ட இருந்து ஒண்ணு, ரெண்டும் சேந்தாத்தான் குட்டிக்கு நோய். மான்செஸ்டர் டெரியர்ல பல ஜீன் சேந்து வர்றதா பாத்திருக்காங்க. எதுவா இருந்தாலும் ரத்தத்துல ஓடுதுங்கறதுதான் விஷயம். ஒளிஞ்சு வர்ற கணக்கையே எடுத்துக்குங்க, நோய் இல்லாம அந்த ஜீன் ஒண்ண மட்டும் சுமக்கிற ரெண்டு நாய சேத்தா ஒவ்வொரு குட்டிக்கும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு. நாலு குட்டி போட்டா மூணு ஈத்துக்கு ஒரு ஈத்து எல்லாக் குட்டியும் நல்லாவே தப்பிச்சிடும், இது வெறும் கணக்குதான், பேப்பர்ல போட்டுப் பாக்கலாம். அப்ப ஒரு ஈத்து நல்லா வந்துச்சுன்னா ஜோடி சுத்தம்னு அர்த்தம் இல்ல. தப்பிச்ச குட்டிங்கள்லயும் பாதிக்கு மேல அத சுமந்துக்கிட்டு அடுத்த வீட்டுக்குப் போகும். அதுல நல்லா உருவம் வந்த ஒண்ண நீங்களே வச்சுக்கிட்டு, சைஸ் இன்னும் சின்னதா வரணும்னு அம்மாவோடயோ தங்கச்சியோடயோ சேத்தீங்கன்னா, ஒளிஞ்சிருந்தது ரெண்டும் சந்திக்கிறதுக்கு நாமே ரோடு போட்டுக் குடுத்த மாதிரி. லைன் ப்ரீடிங்னு நல்ல பேரு வச்சாலும் ரத்தம் ஒண்ணுதான். பாக்கெட் சைஸ், டீக்கப் சைஸ்னு கேட்டு வர்ற எங்க மாதிரி ஆளுங்க மேலயும் தப்பு இருக்கு, நானும் போன்ல மொதல்ல கேட்டது எவ்ளோ சின்னதா இருக்கும்ங்கறதத்தான். இத நான் ஒத்துக்கறேன்.

இந்த நோய்க்கு ரத்தம் எடுத்து முன்கூட்டியே சொல்ற டிஎன்ஏ டெஸ்ட் கெடையாது. அதனால கண்ணும் எக்ஸ்ரேவும் நோட்டும்தான் நமக்கு இருக்கிற கருவி. அமெரிக்காவுல ஓ.எஃப்.ஏ.ன்னு 1966ல இருந்து நாய்ங்க எலும்பு விவரம் சேக்கிற ஒரு அமைப்பு இருக்கு, அவங்க இந்த நோய்க்குன்னே தனிப் பதிவு வச்சிருக்காங்க, ஒரு வயசு முடிஞ்ச நாய்க்கு இடுப்பு எக்ஸ்ரே எடுத்து அனுப்புனா பாத்து நல்லா இருக்கா இல்லையான்னு பதிஞ்சு வைக்கிறாங்க. ஏன் ஒரு வயசு, ஏன்னா வர்றதா இருந்தா அதுக்குள்ள வந்திருக்கும். நம்ம நாட்டுல 2017ல வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் 18 மாசம் ஆகாத நாய குட்டி எடுக்க விடக்கூடாதுன்னு ஏற்கனவே சொல்லுது, மாநில விலங்கு நல வாரியத்துல பதிவு பண்ணணும்னும் 8 வாரம் ஆகாத குட்டிய விக்கக்கூடாதுன்னும் சொல்லுது. மிளகு எங்க வீட்டுக்கு வந்தப்ப அவனுக்கு 45 நாள், அப்ப எனக்கு இதெல்லாம் தெரியாது. தமிழ்நாடும் 2024ல தனியா ஒரு கொள்கை கொண்டு வந்துச்சு. நான் சட்டத்தக் காட்டி மெரட்ட வரல, அந்த 18 மாசம் எவ்ளோ வசதியான நம்பர்னு பாருங்கன்னு சொல்றேன். சட்டப்படி நீங்க எப்படியும் ஒன்றரை வருஷம் காத்திருக்கப் போறீங்க, நடுவுல பன்னெண்டு மாசம் தாண்டுனதும் ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டா ஒரு ஈத்து கூட தள்ளிப்போகாது. ஒரு குட்டி விக்கிற காசுல ஒரு சின்னப் பங்குதான் அந்த எக்ஸ்ரே. அது சுமக்கிற நாயக் காட்டிக் குடுக்காதுதான், ஆனா லேசா வந்து நீங்க கவனிக்காம விட்ட நாயக் காட்டிடும்.

சுமக்கிற நாய காட்டிக் குடுக்கிறது குட்டிதான். நொண்டுற ஒரு குட்டி வந்து நிக்கிறப்ப அது உங்களுக்கு டெஸ்ட் ரிசல்ட், வேற எந்த லேப்லயும் கெடைக்காத ரிசல்ட். அத வாங்கி நோட்டுல எழுதுங்க. அந்த ஜோடிய மறுபடி சேக்காதீங்க, ரெண்டையும் குட்டி எடுக்கறதுல இருந்தே நிறுத்தறது இன்னும் நல்லது. நோய் வந்த குட்டிய யாரும் குட்டி எடுக்க வச்சுக்காம கருத்தடை பண்ணச் சொல்லுங்க, மிளகுக்கும் பண்ணியாச்சு. கூடப் பொறந்ததுங்கள வாங்குனவங்களுக்குச் சொல்லுங்க. வீட்ட விட்டு குட்டி போறப்ப தடுப்பூசி கார்டோட ஒரு துண்டுச் சீட்டு வைங்க, நாலு மாசத்துல இருந்து ஒரு வயசுக்குள்ள பின்னங்கால் ஒரு வாரத்துக்கு மேல நொண்டுனா முட்டிய மட்டும் பாத்து விட்டுடாம இடுப்புக்கும் எக்ஸ்ரே கேளுங்க, கால இழுத்து நீவாதீங்க, ஐபுப்ரோஃபென் டைக்ளோஃபினாக்னு வீட்ல இருக்கிற மனுஷ வலி மாத்திரைய குடுக்காதீங்க, வயித்துல புண்ணாகி கிட்னி கெட்டுப் போகும்னு. எங்க மாமியார் பாசத்துல அரை மாத்திரை குடுக்கவே போயிட்டாங்க, நல்லவேளை கைல இருந்து வாங்கிட்டேன். எழுத வராதுன்னா சொல்லுங்க, நான் எழுதித் தர்றேன், உங்க பேரப் போட்டு அடிச்சுக்குங்க.

உங்க பயமும் எனக்குப் புரியுது. ஒரு குட்டிக்கு இப்படின்னு வெளிய தெரிஞ்சா பேரு கெட்டுப் போகும், காசத் திருப்பிக் கேப்பாங்க, அடுத்த ஈத்து விக்காதுன்னு. நாய் வளக்கறது லேசான வேல இல்ல, ராத்திரி பூரா பிரசவம் பாத்து, தாய்க்குப் பால் வரலன்னா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ சங்கடையில ஊட்டி, அப்படி காப்பாத்துன கைதான் உங்களுது, எனக்குத் தெரியும். மிளகும் அப்படித்தான் பொழைச்சிருப்பான். ஆனா வாங்குனவ இடத்துல இருந்து சொல்றேன் கேளுங்க. அன்னைக்கு அவரு, அய்யோ அப்படியா மேடம், ரிப்போர்ட் அனுப்புங்க, நான் மத்தவங்களுக்கும் சொல்லிடறேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் இன்னைக்கு வரைக்கும் நாய் வேணும்னு கேக்கறவங்கள எல்லாம் அவருகிட்டதான் அனுப்பியிருப்பேன். நோய் வந்ததுக்கு நான் அவர ஒரு நாளும் குத்தம் சொன்னதில்ல. யாருக்கும் முன்னாடியே தெரிஞ்சிருக்க முடியாது. தெரிஞ்சதுக்கு அப்பறம் போன வச்சதுதான் எனக்கு இன்னும் ஆறல.

இப்ப ஏன் எழுதுறேன்னா, போன மாசம் அவரோட வாட்ஸாப் ஸ்டேட்டஸ் பாத்தேன். அதே அப்பா, அதே அம்மா. மூணு குட்டி, ரெண்டு ஆண் ஒரு பெண், மூணும் வித்தாச்சுன்னு ஹார்ட்டு போட்டிருந்தாரு. மிளகு மாதிரியே நெத்தில ரெண்டு பழுப்புப் பொட்டு. தேதி பாத்து எண்ணுனேன், இந்த வாரத்தோட நாலு மாசம் முடியுது.

அண்ணே, நீங்க இத படிப்பீங்கன்னு தெரியும், உங்க குரூப்ல யாராவது அனுப்பிடுவாங்க. மிளகோட எக்ஸ்ரேவும் சீனியோட எக்ஸ்ரேவும் உங்க நம்பருக்கு மறுபடி அனுப்பியிருக்கேன், எந்த டாக்டர்கிட்ட வேணா காட்டிக் கேளுங்க. அந்த மூணு குட்டி எந்த வீட்ல இருக்குன்னு எனக்குத் தெரியாது. உங்க போன்ல மூணு நம்பரும் இருக்கு. இன்னைக்கு சாயந்தரமே கூப்பிட்டு, குளிப்பாட்டறப்ப ரெண்டு தொடையையும் ஒண்ணா பிடிச்சுப் பாக்கச் சொல்லுங்க.

இப்படிக்கு,
மிளகோட அம்மா,
ஸ்ரீரங்கம்.